மாவுப்பூச்சியும் அதன் சத்துருக்களும்
உவரிப் பிரதேசத்துத் தோட்டக்காரர்கள் கவனத்துக்கு

திருநெல்வேலி ஜில்லாவின் தென்கிழக்குக் கரையில், மன்னார் வளைகுடாவை அடுத்து அமைந்திருக்கும் உவரி, சுயம்புலிங்க சுவாமி கோயிலாலும் அந்தோணியார் கோயிலாலும் வெளியூரார்க்கு அறிமுகமான ஊர். அதைச் சுற்றியுள்ள நிலமோ பெரும்பாலும் செம்மணல் தேரியும் மணற்பாங்கான புன்செய்யுமேயாகும். பனையும் தென்னையும் முருங்கையும் இப்பிரதேசத்தின் பழைய செல்வங்கள். கிணற்றுப் பாசனமுள்ள இடங்களில் வாழை, பப்பாளி, கத்தரி முதலியனவும், வீட்டு முற்றங்களில் செம்பருத்தியும் பூந்தொட்டிகளும் காணப்படுகின்றன. தண்ணீர் அருமையான இந்நிலத்தில் ஒரு மரத்தை வளர்த்துக் காய்க்கு வரச் செய்வதற்கு எவ்வளவு பிரயாசை வேண்டுமென்பதை இங்குள்ள குடியானவர்களுக்கு ஒருவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவ்வாறு வளர்த்த மரம் காய்க்கும் பருவத்தில் வெண்மாவு பூசியதுபோல் மாறி, இலை சுருண்டு, பிஞ்சு உதிர்ந்து நிற்குமானால் அந்த நஷ்டம் சிறிதன்று. இந்நஷ்டத்தை உண்டாக்கும் மாவுப்பூச்சியைப் பற்றியும், அதைப் போக்கும் வழிகளைப் பற்றியும் இங்கே கூறப்படும்.

பூச்சியின் தன்மை

மாவுப்பூச்சி என்பது ஒரே பூச்சியன்று. அதில் பல ஜாதிகள் உண்டு. எல்லாம் செடியின் சாற்றை உறிஞ்சி வாழ்பவை. உடம்பின்மேல் மெழுகு போன்ற வெண்பொடி படிந்திருப்பதனால் இப்பெயர் பெற்றன. பெண் பூச்சிக்கு இறகில்லை. ஆண் பூச்சி மிகச் சிறியது, அதற்கு இறகுண்டு. பெண் பூச்சி பஞ்சு போன்ற ஒரு பையில் முட்டைகளை இடும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் கண்ணுக்கு எளிதில் புலப்படா. அவை ஊர்ந்தும், காற்றில் மிதந்தும், எறும்புகளாலும், ஆட்களின் துணிகளாலும், வெட்டிக் கொண்டுபோகும் குச்சிகளாலும் ஒரு செடியிலிருந்து மற்றொரு செடிக்குப் பரவுகின்றன.

இப்பூச்சி வெளியிடும் தேன் போன்ற கழிவுநீர் இலைகளின்மேல் விழுந்து படிகிறது. அதன்மேல் கரும்பூசணம் வளர்ந்து இலையை மூடிவிடுவதனால் இலைக்கு வெயிலின் பயன் கிடைப்பதில்லை. அந்த இனிப்பை நாடி எறும்புகள் வருகின்றன. எறும்புகள் இனிப்பைத் தின்பதோடு நில்லாமல், மாவுப்பூச்சியைத் தின்னவரும் பிற ஜீவன்களை விரட்டிக் காவலும் செய்கின்றன. ஆகையால் பப்பாளி மரத்தில் எறும்புச் சாரியைக் கண்டவுடனே மேலே அண்ணாந்து பார்ப்பது புத்திசாலித்தனம்.

பப்பாளி மாவுப்பூச்சி வந்த வரலாறு

நம் நாட்டில் மாவுப்பூச்சிகள் முன்பே உண்டென்றாலும், பப்பாளியை நாசம் செய்யும் ஜாதி அந்நிய நாட்டிலிருந்து வந்தது. அதன் சொந்த இடம் மெக்ஸிகோவும் மத்திய அமெரிக்காவும். அங்கே அது பெருந் தொல்லையாக இருந்ததில்லை. காரணம் பின்னர் விளங்கும். 1990-ஆம் ஆண்டுகளில் கரீபியன் தீவுகளில் பரவி, பின்பு பசிபிக் தீவுகளை அடைந்து, 2008-ல் இந்தியாவிலும் இலங்கையிலும் காணப்பட்டது. இந்தியாவில் அது முதலில் கண்டறியப்பட்ட இடம் கோயமுத்தூர். அதற்குப் பின் மிகக் குறுகிய காலத்தில் தமிழ்நாட்டின் பல ஜில்லாக்களிலும் பரவி, பப்பாளியை மட்டுமன்றி மல்பெரி, மரவள்ளி, பருத்தி, கொய்யா, கத்தரி, செம்பருத்தி, காட்டாமணக்கு முதலிய பல பயிர்களையும் தாக்கியது. பயிரில்லாத காலத்தில் துத்தி, பார்த்தீனியம் போன்ற களைகளில் தங்கியிருந்து, பயிர் வந்தவுடன் திரும்பும் இயல்பும் அதற்கு உண்டு.

ஒரு பெண் பூச்சி 100 முதல் 600 வரை முட்டையிடக்கூடும். முட்டையிலிருந்து முட்டையிடும் பருவம் வரை ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிறது. இதனால் விளையும் பெருக்கத்தை ஒரு சிறு கணக்கால் அறியலாம். ஒரு பூச்சியின் குஞ்சுகளில் பத்துப் பெண்கள் மட்டுமே பிழைப்பதாக வைத்துக்கொண்டாலும், மாசி மாதத்தில் ஒன்றாயிருந்தது பங்குனியில் 10, சித்திரையில் 100, வைகாசியில் 1,000, ஆனியில் 10,000 ஆகிவிடும். மாசியில் ஒரு இலையைக் கிள்ளி எறிவதால் தீரக்கூடிய காரியம், ஆனியில் மரத்தையே வெட்டினாலும் தீராததாகிவிடுகிறது.

வறண்ட வெப்பமான காலமே இப்பூச்சிக்கு உகந்தது. பலத்த மழை பெய்தால் அது கழுவப்பட்டுக் குறையும். உவரிப் பக்கத்தில் மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலேயே கிடைப்பதால், மற்ற காலங்களில் மழையை நம்பியிருக்க இயலாது. மேலும், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் ஆனி, ஆடி மாதத்து மேல்காற்று இங்கே எவ்வளவு வலியது என்பதை இராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளே சாட்சி சொல்லும். பூச்சிக் குஞ்சுகளுக்கு அக்காற்றே வாகனம். ஆதலால் ஒருவர் தோட்டத்தில் பூச்சி மிகுந்தால், அவருக்குக் கிழக்கே தோட்டம் வைத்திருப்பவர் முதலில் விழித்துக்கொள்ள வேண்டும். தம் தோட்டத்தின் மேற்கு வேலியோரத்துச் செடிகளை வாரத்துக்கு ஒருமுறை இலை புரட்டிப் பார்க்க வேண்டும்.

மருந்தடித்தும் குறையாததன் காரணம்

"அண்ணாச்சி, கடைக்காரர் கொடுத்த மருந்தை மூன்று தரம் அடித்தாயிற்று, பூச்சி கூடுகிறதேயொழியக் குறையவில்லையே, என்ன செய்வது?" என்று ஒரு தோட்டக்காரர் மற்றொருவரைக் கேட்பது சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு. இதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, பூச்சியின்மேலுள்ள மெழுகு மருந்தை உள்ளே புகவிடுவதில்லை. இரண்டாவது, பஞ்சுப் பையிலுள்ள முட்டைகளுக்கும், இலையின் மடிப்பிலும் கணுவின் இடுக்கிலும் ஒளிந்திருக்கும் பூச்சிகளுக்கும் மருந்து எட்டுவதில்லை. மூன்றாவது காரணமே முக்கியமானது. மாவுப்பூச்சியைத் தின்று வாழும் வேறு பூச்சிகள் அதே மரத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு மெழுகுக் கவசமில்லை. வீரியமான விஷ மருந்தை அடித்தால் முதலில் மடிவன அவையே. சத்துருக்கள் ஒழிந்தபின் எஞ்சிய மாவுப்பூச்சிகள் தடையின்றிப் பெருகுகின்றன. குடியானவர் காசும் கொடுத்து, தம் வேலைக்காரரையும் கொன்றவராகிறார்.

2008-க்குப் பின் இரண்டு ஆண்டுகளில் தமிழ்நாட்டில் நேர்ந்ததும் இதுவே. மல்பெரி பயிரிட்டோர் நிலைமை இன்னும் சங்கடமானது. இலைக்கு விஷம் தெளித்தால் அதைத் தின்னும் பட்டுப்புழு மாளும், தெளிக்காவிட்டால் இலையே இராது.

அயல் நாட்டிலிருந்து வந்த உதவி

பப்பாளி மாவுப்பூச்சி தன் சொந்த நாட்டில் பெருந்தீங்கு செய்யாததற்குக் காரணம், அதன் உடலுக்குள் முட்டையிட்டு அதை உள்ளிருந்தே தின்றுவிடும் சிறு குளவிகள் அங்கே இருப்பதுதான். பூச்சி கடல் கடந்து வந்தபோது குளவிகள் உடன் வரவில்லை. இதை உணர்ந்த நிபுணர்கள், 2010-ல் அமெரிக்க விவசாய இலாகாவின் உதவியால் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூன்று ஜாதிக் குளவிகளைப் பெங்களூரிலுள்ள தேசிய நிலையத்துக்குத் தருவித்து, அவை வேறு பயிருக்கோ நன்மை செய்யும் பிற பூச்சிகளுக்கோ கெடுதல் செய்யாவென்று சோதித்து அறிந்தனர். அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் கோயமுத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் அவற்றை வெளியில் விடும் வேலை தொடங்கியது. பின்பு வேளாண் அறிவியல் நிலையங்கள், ஆராய்ச்சி நிலையங்கள் வாயிலாகப் பல ஜில்லாக்களுக்கும் அவை வழங்கப்பட்டன.

மூன்றில் மிகுந்த பயன் தந்தது அசிரோபேகஸ் பப்பாயே என்னும் குளவி. குளவி என்றவுடன் கொட்டுமோவென்று அஞ்ச வேண்டாம். அது ஒரு மில்லிமீட்டர் நீளங்கூட இல்லாதது, மனிதரைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் இளங்குஞ்சுகளைத் தேடி அவற்றினுள்ளே முட்டையிடுவதே அதன் தொழில். முட்டையிடப்பட்ட பூச்சி சில நாட்களில் வெண்மை குன்றி, பழுப்பு நிறமாகி, உப்பிக் கெட்டிப்பட்டுவிடும். பின்பு அதன் முதுகில் வட்டமான ஒரு துளை செய்துகொண்டு புதிய குளவி வெளியேறும். ஒரு குக்கிராமத்துக்கு 100 குளவிகள் விட்டால் போதுமென்பது பல்கலைக்கழகத்தாரின் சிபார்சு. அவை தாமே பெருகிப் பரவிக்கொள்ளும். இக்குளவிகள் நிலைபெற்ற இடங்களில் பூச்சியின் உபத்திரவம் சில மாதங்களில் தணிந்தது.

மரவள்ளி விஷயத்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1970-ஆம் ஆண்டுகளில் ஆப்பிரிக்காவில் பரவி ஏழை மக்களின் உணவையே அழித்த மரவள்ளி மாவுப்பூச்சிக்கு, 1981-ல் தென் அமெரிக்காவின் பராகுவே நாட்டில் ஒரு குளவி கண்டுபிடிக்கப்பட்டது. அதை ஆப்பிரிக்காவெங்கும் பரப்பிய ஹான்ஸ் ஹெரன் என்பார்க்கு 1995-ல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. அதே பூச்சி 2020-ல் கேரளத்துத் திருச்சூரில் காணப்பட்டுத் தமிழ்நாட்டிலும் பரவியபோது, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அக்குளவியே தருவிக்கப்பட்டு, 2022-ல் சேலம் ஜில்லாவில் விடப்பட்டது.

நாகதாளி கற்பித்த பாடம்

சாறு உறிஞ்சும் பூச்சி என்றும் தீமையே செய்யும் என்று சொல்வதற்கில்லை. மாவுப்பூச்சிக்கு நெருங்கிய உறவான இந்திரகோபச் சாயப்பூச்சி என்று சொல்லத்தக்க கொச்சினீல் பூச்சி, நாகதாளியென்றும் சப்பாத்திக்கள்ளியென்றும் வழங்கும் கள்ளியின்மேல் வாழ்வது. சிவப்புச் சாயத்துக்காக 1795-ல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்கு ஒரு ஜாதியைக் கொண்டுவந்தனர். வந்தது நல்ல சாயம் தரும் ஜாதியன்று. ஆயினும் அது ஒருவகைக் கள்ளியை அழித்துக்கொண்டே சென்றது. இதைக் கண்டு 1830-ஆம் ஆண்டுகளில் தென்னிந்தியாவிலும், 1860-ஆம் ஆண்டுகளில் இலங்கையிலும் அது கள்ளியை ஒழிப்பதற்கென்றே விடப்பட்டது. ஆனால் முள் நிறைந்த நாகதாளியை அந்த ஜாதி தொடவில்லை; புறம்போக்கையும் புன்செய்யையும் அக்கள்ளியே அடைத்துக்கொண்டிருந்தது. 1926-ல் வேறொரு ஜாதிப் பூச்சி இலங்கை வழியாகக் கொண்டுவரப்பட்டது. அது நாகதாளியின்மேல் வெண்பஞ்சு போலப் படர்ந்து, அரிவாளுக்கும் நெருப்புக்கும் அடங்காத புதர்களைச் சில ஆண்டுகளில் அழுகி விழச் செய்தது.

இவ்வரலாற்றிலிருந்து இரண்டு விஷயங்கள் தெளிவாகின்றன. எந்தப் பூச்சி எந்தச் செடியைத் தாக்கும் என்பதை ஜாதியறிந்தே சொல்ல வேண்டும். சரியான ஜாதியைச் சரியான இடத்தில் விட்டால், ஆயிரம் ஆட்கள் செய்ய இயலாத வேலையை ஒரு சிறு பூச்சி செய்துவிடும்.

நண்பர்களை அடையாளங் காணுதல்

குளவியைத் தவிர வேறு இரண்டு நண்பர்களையும் தோட்டக்காரர் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, 1898-ல் ஆஸ்திரேலிய இனமாக இந்தியாவுக்கு வந்து நிலைத்துவிட்ட கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டு. வண்டின் முதுகு கறுத்தும், தலையும் பின்பாகமும் ஆரஞ்சு நிறமாயும் இருக்கும். இதன் புழுவின் உடம்பெங்கும் வெண்மெழுகு இழைகள் தொங்குவதால், அதையும் பெரிய மாவுப்பூச்சியென்று எண்ணி நசுக்கிவிடுவோர் பலர். மாவுப்பூச்சி பெரும்பாலும் ஒரே இடத்தில் ஒட்டிக்கிடக்கும். அதன் மெழுகு விளிம்பு குட்டையானது. வண்டின் புழுவோ அதைவிடப் பெரியது, இழைகள் நீண்டவை, தொட்டால் விரைந்து ஓடும். ஓடுவதை விட்டுவிட வேண்டும் என்பதே சுருக்கமான விதி.

மற்றொன்று, ஸ்பால்ஜிஸ் என்னும் சிறு வண்ணத்துப்பூச்சியின் புழு. இலையைத் தின்னாமல் மாவுப்பூச்சியைத் தின்னும் அதிசயமான புழு இது. இதன் கூட்டைக் கூர்ந்து பார்த்தால் குரங்கின் முகம்போல் தோன்றும். அத்தகைய கூட்டைக் கண்டால் அந்தக் கிளையை வெட்டலாகாது.

தோட்டத்தில் செய்ய வேண்டிய முறை

ஆரம்பத்தில் ஒன்றிரண்டு இலைகளில் மட்டும் பூச்சியிருந்தால், அவற்றைப் பறித்துப் பைக்குள்ளிட்டு அகற்றிப் புதைத்துவிடலாம். பறித்த இலைகளை வரப்பில் எறிவது பூச்சியை விதைப்பதற்குச் சமானம். எறும்புப் புற்றுகளைக் கண்டுபிடித்து அழிக்க வேண்டும். வேலியோரத்துத் துத்தி, பார்த்தீனியம் முதலியவற்றைப் பூக்குமுன் வேருடன் களைய வேண்டும். தண்ணீர் வசதியுள்ளவர்கள் இலையின் அடிப்புறத்தில் விசையாகத் தண்ணீரைப் பீய்ச்சினால் பெரும்பகுதி பூச்சிகள் உதிர்ந்துவிடும்.

தெளிக்க வேண்டிய அவசியம் நேர்ந்தால் விஷம் குறைந்தவற்றையே முதலில் உபயோகிக்க வேண்டும். மீன் எண்ணெய் ரோசின் சோப்பு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் வீதம் கரைத்துத் தெளிக்கலாம். அல்லது 500 கிராம் வேப்பங்கொட்டையை இடித்து, துணியில் கட்டித் தண்ணீரில் ஓரிரவு ஊறவைத்து, பிழிந்து வடிகட்டி, 10 லிட்டராக்கி, சிறிது சோப்பும் சேர்த்துத் தெளிக்கலாம். வேப்பெண்ணெயானால் லிட்டருக்கு 20 மில்லிலிட்டர் வீதம் சோப்புடன் நன்றாகக் கலக்க வேண்டும். எண்ணெயும் சோப்பும் நடுப்பகல் வெயிலில் இலையைக் கருக்கக்கூடுமாதலால், மாலை நேரத்தில் தெளிப்பதும், முதலில் ஓரிரு இலைகளில் சோதித்துப் பார்ப்பதும் நலம். பழுப்பு நிறமாகி உப்பிய பூச்சிகள் மிகுந்திருக்கும் மரத்தில் எதையும் தெளிக்க வேண்டாம். அங்கே குளவி வேலை செய்துகொண்டிருக்கிறது.

அத்தகைய மரத்தின் இலைகள் கிடைத்தால் அவற்றை வீணாக்காமல், ஒரு மண்சட்டியில் இட்டு, தண்ணீர் நிறைந்த அகன்ற தட்டின் நடுவே கல்லின்மேல் வைத்து, பூச்சி மிகுந்த மரத்தடியில் நிழலில் வைக்கலாம். ஊர்ந்து செல்லும் பூச்சி தண்ணீரைக் கடக்காது; இறகுள்ள குளவி பறந்து மரத்தை அடையும். செலவில்லாத இம்முறையை அண்டை வீட்டார் ஒருவருக்கொருவர் கைம்மாற்றாகவே செய்துகொள்ளலாம்.

தொட்டிச் செடிகள்

வீட்டில் அழகுக்காக வளர்க்கும் தொட்டிச் செடிகளிலும் இப்பூச்சி ஏறுகிறது. பஞ்சைச் சாராய ஸ்பிரிட்டில் நனைத்து, பூச்சியிருக்கும் கணுக்களைத் துடைத்தெடுத்தால் போதும். ஏழெட்டு நாட்களுக்கொருமுறை மூன்று நான்கு தடவை செய்ய வேண்டும். புதிதாக வாங்கிவரும் செடியை மூன்று வாரமாவது தனியே வைத்திருந்து, பின்பே மற்றவற்றுடன் சேர்க்க வேண்டும்.

பூச்சியைத் தின்னும் செடிகளும் இதற்கு விலக்கல்ல என்பது வேடிக்கையாகத் தோன்றும். மேகாலய மலைகளில் இயற்கையாக வளரும் குடுவைச் செடி, தன் குடுவைக்குள் விழும் பூச்சியைச் செரித்துக்கொள்ளுமேயன்றி, தண்டிலும் இலையடியிலும் ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சியை ஒன்றும் செய்ய மாட்டாது. அழுகண்ணி போன்ற செடிகளின் இலையிலுள்ள பிசினே அவற்றுக்கு வாய்; அதில் எண்ணெயும் சோப்பும் பட்டால் பிசின் கழுவப்பட்டுச் செடி நலியும். ஆகையால் அவற்றைச் சுத்தமான மழைநீரால் கழுவி, நுனி மெல்லிய தூரிகையால் பூச்சியைப் பொறுக்கியெடுப்பதே தக்க வழி.

கிராம அதிகாரிகளின் பங்கு

இப்பூச்சிக்கு வேலியும் சர்வே கல்லும் தெரியா. ஒருவர் மட்டும் தம் தோட்டத்தைச் சுத்தம் செய்து, அடுத்தவர் கைவிட்டால் வேலை வீணாகும். புறம்போக்கிலும் பாதையோரத்திலும் வளரும் களைகளை அகற்றுவது ஊர்ப் பொது வேலையாகையால், ஊராட்சியினர் கோடைக்கு முன்பே அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும். பூச்சி கண்ட ஊரிலிருந்து மரவள்ளிக் குச்சி, மல்பெரிக் குச்சி, பப்பாளிக் கன்று முதலியன வெளியூருக்குச் செல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே காலத்தில் பல தோட்டங்களில் பூச்சி தோன்றினால், தாமதியாமல் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குத் தெரிவித்து, பூச்சியுள்ள இலையொன்றையும் மூடிய பையில் அனுப்ப வேண்டும். எந்த ஜாதியென்று நிச்சயித்து, குளவி பெறுவதற்குரிய வழியைக் கிள்ளிகுளத்திலுள்ள வ.உ.சி. வேளாண்மைக் கல்லூரி போன்ற இடங்களிலும் விசாரித்தறியலாம்.

தேரி மணலில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரத்தைக் காப்பாற்றுவதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. மாசியில் இலையைப் புரட்டிப் பார்க்கும் கண்ணும், ஓடுகிற புழுவை விட்டுவிடும் பொறுமையும், அண்டைத் தோட்டக்காரருக்கு அன்றைக்கே சொல்லியனுப்பும் வழக்கமும் இருந்தால் போதும். கண்ணுக்குத் தெரியாத அச்சிறு குளவிகள் மீதி வேலையைக் கூலியின்றிச் செய்து முடிக்கும்.